காதல் காமெடி, த்ரில்லர்: சமீபத்தில் பார்த்ததில் எது தேறியது, எது தேறவில்லை?

கடைசிவரிசை:
கொஞ்ச காலமாகக் காதல் காமெடியும் த்ரில்லரும் மாறி மாறிப் பார்த்து வருகிறேன். திட்டம் போட்டெல்லாம் இல்லை, ஓடிடியைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதான். பார்க்கப் பார்க்க இரண்டும் ஒரே சரக்கு என்று தோன்றுகிறது. யாரோ எதையோ மறைக்கிறார்கள். அது நமக்குத் தெரிந்தால் சிரிக்கிறோம், தெரியாவிட்டால் நகம் கடிக்கிறோம். அதனால் எந்தப் படமானாலும் இப்போது நான் முதலில் கவனிப்பது, அந்த ஆள் ஏன் மறைக்கிறான் என்பதைத்தான். காரணம் உருப்படியாக இருந்தால் மற்ற ஓட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். காரணம் நொண்டியடித்தால் ஜோடி எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைசித் திருப்பம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படம் தேறாது.

ஒரே நாளில் வந்த இரண்டு படங்களையே எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி 21, 'டிராகன்', 'நிலவுக்கு என்மேல் என்னடி கோபம்'. டிராகனில் 48 அரியரோடு கல்லூரியை விட்டு வந்தவன் போலிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்குப் போகிறான். ஏன் பொய் சொன்னான் என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. வெட்கம், ஏக்கம், பணத்தாசை எல்லாம் கலந்த காரணம் அது. பிரின்சிபாலாக வரும் மிஷ்கின் ஒரு நாள் எதிரே வந்து நிற்கும்போது நமக்கே வயிற்றைக் கலக்குகிறது. காமெடிப் படத்துக்குள் இருக்கும் அசல் த்ரில்லர் காட்சி அதுதான்.

தனுஷ் இயக்கிய 'நிலவுக்கு என்மேல் என்னடி கோபம்' படத்தில் நாயகியின் அப்பாவுக்குத் தீராத நோய் என்று தெரிந்ததும் நாயகன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விலகிவிடுகிறான். தியாகமாம். அவளுடைய அப்பாவின் உடம்பைப் பற்றி அவளிடமே மறைப்பதில் என்ன தியாகம்? அதன்பிறகு வந்த பாட்டும் சிரிப்பும் எனக்கு ஒட்டவே இல்லை.

இடைவேளை:
டிராகன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உங்கள் சூத்திரத்துக்குள் 'பிரேமலு' எங்கே வருகிறது? 2024இல் வந்த காதல் காமெடிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அதில் யாரும் பெரிதாக எதையும் மறைக்கவில்லை. சச்சினுக்கு வெளிநாடு போக விசா கிடைக்கவில்லை, கேட் நுழைவுத்தேர்வுப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு ஹைதராபாத் போகிறான், ரீனுவைப் பார்க்கிறான், பிடித்துப்போகிறது. அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பது தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் படம் ஓடுவது ரகசியத்தில் இல்லை, சங்கடத்தில். ஆதி என்று ஒரு பாத்திரம், ஷ்யாம் மோகன் நடித்திருக்கிறார். ஏதாவது குத்திப் பேசிவிட்டு, 'ஜேகே' என்று விரலை ஆட்டுவான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அர்த்தம். வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒருத்தனைப் பார்த்திராதவர் யார்? வில்லன் கத்தி எடுக்க வேண்டாம், 'ஜேகே' சொன்னாலே போதும், அடிக்கலாம் போல இருக்கிறது. இயக்குநர் கிரிஷ் ஏ.டி. இந்த மாதிரிச் சின்னச் சின்னச் சங்கடங்களை அடுக்கியே இரண்டரை மணி நேரத்தை ஓட்டிவிட்டார். மறைப்பு, திருப்பம் எல்லாம் இல்லாமலே காதல் காமெடி எடுக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

அரைத்தூக்கம்:
இரண்டரை மணி நேரம் என்று சொல்லும்போதே கொட்டாவி வருகிறது. எனக்கு ஒன்றரை மணி நேரப் படங்கள் சொல்லுங்கள் சாமி.

நடுநிசி:
கடைசிவரிசை பக்கம் நான் நிற்கிறேன். ஏன் மறைக்கிறான் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு 'கிஷ்கிந்தா காண்டம்' பாருங்கள். (பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள், ஸ்பாய்லர் உண்டு.)

ஓய்வுபெற்ற ராணுவக்காரர் அப்பு பிள்ளை. ஞாபகம் அழிந்துகொண்டே வருகிறது, அதை யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டார். துப்பாக்கி காணாமல் போயிருக்கிறது, பேரன் காணாமல் போயிருக்கிறான். புதிதாக வந்த மருமகள் பார்க்கும்போது அவர் கொல்லையில் காகிதங்களை எரித்துக்கொண்டிருக்கிறார். சந்தேகம் முழுக்க அவர் மேல். கடைசியில் பார்த்தால், அவர் தனக்குத்தானே குறிப்பு எழுதி, தானே துப்பறிந்து, உண்மையைக் கண்டுபிடித்து, அப்புறம் அதையும் மறந்துவிடுகிற மனிதர். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். மகன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். தான் கண்டுபிடித்ததைத் தன்னிடமிருந்தே மறைக்கும் ஒரு துப்பறிவாளன். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? விஜயராகவன் அந்த முறைப்பிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். அந்தப் படத்தை எழுதிய பாகுல் ரமேஷ்தான் ஒளிப்பதிவும். எங்கே நிழல் விழ வேண்டும் என்று எழுதும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும் போல.

பிரேமலு விஷயத்தில் எனக்குப் பேச்சு இல்லை. நல்ல படம். ஆனால் அதை விதிவிலக்கு என்றுதான் சொல்வேன்.

மொட்டைமாடி:
இந்தக் கணக்கில் ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கதைக்குள் பாத்திரம் மறைப்பது ஒன்று. பார்க்கிற நம்மிடம் இயக்குநர் மறைப்பது வேறு. கிஷ்கிந்தா காண்டத்தில் மறைப்பவர் அப்பு பிள்ளை. 'மகாராஜா'வில் மறைப்பது எடிட்டிங். (அதற்கும் ஸ்பாய்லர்.) அனுராக் காஷ்யப் வரும் காட்சிகள் பல வருடம் முந்தியவை என்பதைப் படம் சொல்லவே சொல்லாது. இரண்டு கதையும் ஒரே சமயத்தில் நடப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். அந்த மகள் யாருடைய மகள் என்று தெரிகிற இடத்தில் தியேட்டரே மூச்சை நிறுத்தியது, நானும்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்தபின் எனக்குள் ஓடியது வேறு கேள்வி. அந்தத் திருப்பத்தின் விலை யார் கொடுத்தது? ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையைப் புதிரின் கடைசித் துண்டாக வைத்திருக்கிறார்கள். அவளுக்குப் படத்தில் பேச ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவரை நல்லது. இருந்தாலும் ஆச்சரியத்துக்காக அவள் வலியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, உச்சக்கட்டத்தில் திறந்து காட்டியது போலத்தான் எனக்குப் பட்டது. விஜய் சேதுபதியின் 50ஆவது படம், அவர் நடிப்பில் குறையே இல்லை. குப்பைத்தொட்டியைக் காணோம் என்று காவல் நிலையத்தில் போய் உட்காரும் அந்த முதல் பாதி எனக்கு இப்போதும் பிடிக்கும். இரண்டாம் பாதியைத் திரும்பப் பார்க்க மனசு வரவில்லை.

வெள்ளித்திரை:
மகாராஜாவைப் பற்றி இப்படிச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் காலக் குழப்பம் இல்லாமல் நேராகச் சொல்லியிருந்தால் அது இன்னொரு பழிவாங்கும் கதை. அப்பா, மகள், வில்லன், அரிவாள், சுபம். வரிசையை மாற்றியதால்தான் அனுராக் காஷ்யப் நடித்த செல்வம் என்கிற அந்த மனிதன் வீட்டில் எவ்வளவு சாதாரணமானவன், மகள்மேல் எவ்வளவு பாசம் என்று முதலில் பார்க்கிறோம். அந்தப் பாசமே கடைசியில் அவனைக் கொல்கிறது. வெறும் வித்தைக்காக இயக்குநர் நித்திலன் அதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வரிசை மாற்றுகிற படம் என்றால் 'ஸ்ட்ரேஞ்ச் டார்லிங்' பார்த்தீர்களா? ஆறு அத்தியாயம், ஆரம்பமே மூன்றாவது அத்தியாயம். ஒரு பெண் ஓடுகிறாள், ஓர் ஆள் துப்பாக்கியோடு துரத்துகிறான். நாமாகவே ஒரு கதையை எழுதிக்கொள்கிறோம். படம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. அதைவிட அதிகமாகச் சொன்னால் பாவம்.

மொட்டைமாடி:
பார்த்தேன். அது எனக்கு நிஜமாகவே பிடித்தது. அங்கே ஏமாறுவது நம்முடைய முன்முடிவு, யாருடைய வலியும் இல்லை. நான் சொன்ன வித்தியாசம் அதுதான்.

இன்னொன்று. முதல் டேட்டிங்கிற்குப் போகும் பெண் எதைக் கண்டு பயப்படுவாள் என்று இப்போது த்ரில்லர் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருக்கிறது. 'ட்ராப்' படத்தில் கணவனை இழந்த ஒருத்தி ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவனைச் சந்திக்க உயர்மாடி உணவகத்துக்குப் போகிறாள். போனில் முகம் தெரியாத யாரோ செய்தி அனுப்புகிறான்: எதிரில் உட்கார்ந்திருப்பவனைக் கொல், இல்லையென்றால் வீட்டில் இருக்கும் உன் மகனை விடமாட்டேன். கதை பார்த்தால் நம்பவே முடியாதது. ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் எழுந்து போகச் சாக்குத் தேடுவதும், எதிரில் இருப்பவன் 'என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று முகம் வாடுவதும், பாதி காதல் காமெடிதான். அவன் பாவம், டேட்டிங் சொதப்புகிறது என்று மட்டும் கவலைப்படுகிறான்.

அரைத்தூக்கம்:
எவ்வளவு நேரம் ஓடும் அது?

மொட்டைமாடி:
ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தூங்குவதற்குள் முடிந்துவிடும்.

கடைசிவரிசை:
மொட்டைமாடி சொன்ன வித்தியாசம் முக்கியமானது. பாத்திரம் மறைப்பது, இயக்குநர் மறைப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் எனக்கு ஏன் 'ஹிட் மேன்' இவ்வளவு பிடித்தது என்றும் சொல்ல முடிகிறது. லிங்க்லேட்டர் படம், 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் இயக்குநர் நம்மிடம் எதையுமே மறைப்பதில்லை. கல்லூரியில் தத்துவம் நடத்தும் ஒரு சாதுவான ஆள், போலீசுக்காகக் கூலிக் கொலைகாரனைப் போல நடித்து, ஆள் வைத்துக் கொல்ல வருகிறவர்களைப் பிடித்துக்கொடுக்கிறான். ஒருத்தி வருகிறாள், கணவனைக் கொல்லச் சொல்கிறாள். இவனுக்கு அவளைப் பிடித்துப்போகிறது. ஆனால் அவளுக்குப் பிடித்திருப்பது இவனையா, இவன் நடிக்கும் கொலைகாரன் ரானையா?

அதில் ஒரு காட்சி. போலீஸ் வண்டியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறது. அவன் அவள் வீட்டுக்குள் போய், வாயால் அவளை மிரட்டுவது போலப் பேசுகிறான். கையில் இருக்கும் போனில் அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதி நீட்டுகிறான். அவள் முதலில் முழிக்கிறாள், அப்புறம் பிடித்துக்கொள்கிறாள். கத்துகிறாள், அழுவது போல நடிக்கிறாள், இவன் கட்டைவிரலை உயர்த்துகிறான். வெளியே கேட்பவர்களுக்கு அது விசாரணை. உள்ளே அது காதல். மாட்டினால் இரண்டு பேருக்கும் சிறை. அந்தக் காட்சியில் சிரிப்பு எங்கே முடிகிறது, பதற்றம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடச் சொன்னால் என்னால் முடியாது. இரண்டும் ஒரே சரக்கு என்று நான் முதலில் சொன்னது இதை வைத்துத்தான்.

நடுநிசி:
அந்தக் காட்சிக்குக் கைதட்டலாம், சரி. ஆனால் கடைசியில் படம் அவர்களை ரொம்பச் சுலபமாகத் தப்பிக்க விட்டுவிடுகிறது. த்ரில்லராக இருந்தால் அப்படி விடுவோமா? காதல் காமெடி என்ற போர்வை இருப்பதால் ஒரு கொலையைச் சிரித்துக்கொண்டே கடந்து போகிறோம். எனக்கு அது உறுத்தியது.

கடைசிவரிசை:
உறுத்த வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். தத்துவ வாத்தியார் வகுப்பில் என்ன பாடம் நடத்துகிறார் என்று கவனித்துப் பாருங்கள், எல்லாம் அங்கேயே இருக்கிறது.

இடைவேளை:
சுத்தமான காதல் காமெடிக்கு வருவோம், த்ரில்லர்காரர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 'எனிவன் பட் யூ' பற்றி யாரும் பேசவில்லையே. 2023 கடைசியில் வந்தபோது விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்புறம் மெதுவாக ஏறி உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. காதல் காமெடிக்குத் தியேட்டரில் இனி கூட்டம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்.

கதை ஷேக்ஸ்பியரின் பழைய நாடகம்தான். சண்டைக்கார ஜோடி, ஊருக்காகக் காதலர்களாக நடிக்கிறார்கள், நிஜமாகிவிடுகிறது. அந்த நாடக வரிகளைச் சுவரிலும் பலகையிலும் அங்கங்கே எழுதி வைத்திருப்பார்கள், கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. எனக்கு ஜோடி பிடித்தது, வசனம் சுமார். விமானத்தில் அவனுடைய பயத்தைப் போக்க உதவும் அந்தப் பாட்டு மட்டும் ஒரு வாரம் மண்டைக்குள் ஓடியது.

வெள்ளித்திரை:
எனக்கு அது விளம்பரப் படம் மாதிரிதான் இருந்தது. எல்லோரும் எப்போதும் நீச்சலுடையில். அவர்கள் ஏன் ஆரம்பத்தில் சண்டை போட்டார்கள்? அவன் நண்பனிடம் சொன்ன ஒரு வார்த்தையை அவள் ஒட்டுக்கேட்டதால். ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். இதை வைத்து ஒரு முழுப் படம்!

காதல் காமெடிகளில் எனக்கு இருக்கும் தீராத எரிச்சல் இதுதான். பேசினால் படம் முடிந்துவிடும் என்பதற்காகவே பேசாமல் இருக்கிறார்கள்.

இடைவேளை:
உண்மை. ஆனால் நிஜ வாழ்க்கையில் மட்டும் எல்லோரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுகிறோமா என்ன?

மொட்டைமாடி:
'ட்யூட்' எப்படி? 2025 தீபாவளிக்கு வந்தது. மமிதா காதலைச் சொல்கிறாள், பிரதீப் சிரித்துவிட்டுத் தட்டிக்கழிக்கிறான். அவளுக்கு வேறு ஒருவன்மேல் காதல் வந்த பிறகு இவனுக்கு ஞானோதயம். இதுவரை வழக்கமான வம்பு. ஆனால் அவளுடைய அப்பா, சாதி விட்டுக் காதலித்தால் சொந்த மகளையே உயிரோடு விடாத ரகம். அங்கிருந்து அவள் எதையும் வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் உயிர்ப்பயம். வெள்ளித்திரை கேட்ட 'ஏன் பேசவில்லை' என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் பதில் இருக்கிறது. பேசினால் செத்துப்போவாள்.

சொல்ல வந்த விஷயம் பெரிது. ஆனால் அவளுடைய முடிவுகள் எல்லாம் அவனுடைய பெருந்தன்மையைக் காட்டத்தான் பயன்பட்டன. அவள் உட்கார்ந்து தன் பயத்தைப் பற்றிப் பேசும் ஒரு முழுக் காட்சி எனக்கு வேண்டியிருந்தது. சரத்குமார் சிரித்த முகத்தோடு வரும்போது வந்த நடுக்கம் மட்டும் அசல்.

நடுநிசி:
ஆமாம், அவர் பாசமாகப் பேசும்போதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

அரைத்தூக்கம்:
நான் கூட ஒன்று பார்த்தேன், முழுசாக. 'பிளாக் பேக்'. ஆச்சரியமாக விழித்தே இருந்தேன். சோடர்பெர்க் படம், 94 நிமிடம்தான். உளவுத்துறையில் வேலை செய்யும் கணவன், மனைவி. துறையிலிருந்து ஒரு ரகசியம் கசிந்திருக்கிறது, சந்தேகப் பட்டியலில் மனைவி பெயரும் இருக்கிறது. அவர் விருந்து வைத்து, சாப்பாட்டில் உண்மையைப் பேச வைக்கும் மருந்தைக் கலந்துவிட்டு, எல்லோரையும் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கிறார். துப்பாக்கிச் சத்தம் அதிகம் இல்லை, பேச்சுதான். இருந்தாலும் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக வாயை விடும்போது வியர்த்துவிட்டது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. சொல்ல முடியாத விஷயம் என்றால் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், அடுத்தவர் கேட்கக் கூடாது. எத்தனை தம்பதிகளுக்கு இது முடியும்?

கடைசிவரிசை:
அரைத்தூக்கம், நீங்கள் தூங்காமல் பார்த்த படம் என்றால் அதற்கு விருதே கொடுக்கலாம். அதைத் த்ரில்லர் என்கிறார்கள். எனக்கு அது இந்த வரிசையிலேயே நல்ல காதல் படம். மனைவி குற்றவாளியா என்று அவன் தேடவில்லை. அவள் குற்றவாளியாகவே இருந்தாலும் தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும்.

வெள்ளித்திரை:
டிரெய்லர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'கம்பேனியன்' படம் காதல் காமெடி மாதிரியே தொடங்குகிறது. கடையில் ஒருவன் ஆரஞ்சுகளைக் கொட்டிவிடுகிறான், அவளும் அவனும் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவ்வளவு இனிமை. அந்த இனிமை ஏன் அவ்வளவு கச்சிதமாக இருந்தது என்று பிறகு தெரியும். தெரிய வேண்டும். ஆனால் பெரிய டிரெய்லரிலேயே அவள் யார் என்று போட்டு உடைத்துவிட்டார்கள். படம் எடுத்தவன் அரை மணி நேரம் பொத்திப் பொத்தி வைத்ததை விளம்பரக்காரன் இரண்டு நிமிடத்தில் வீதியில் போட்டுவிட்டான்.

'மெட்டீரியலிஸ்ட்ஸ்' கதை இதற்கு நேர்மாறு. டிரெய்லரைப் பார்த்தால் பணக்காரனா, பழைய காதலனா என்று ஜாலியான முக்கோணக் காதல். உள்ளே போனால் வரன் பார்த்துக் கொடுக்கும் ஒருத்தி மனிதர்களைச் சம்பளம், உயரம், வயது என்று கணக்குப் போடும் சோகமான படம்.

இடைவேளை:
அந்த உயர விஷயம்! பெட்ரோ பாஸ்கல் பாத்திரம் காலை நீட்டிக்கொள்ள அறுவை சிகிச்சை செய்திருக்கிறான் என்று தெரிகிற காட்சியில் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் அவன் சமையலறையில் முழங்காலை மடித்துத் தன் பழைய உயரத்தைக் காட்டுவான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு பணம் இருந்தும் அவன் மறைத்துவைத்தது அதைத்தான்.

கடைசிவரிசை:
பாருங்கள், நீங்களே மறைப்புக்கு வந்துவிட்டீர்கள்.

இடைவேளை:
பிரேமலுவை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜேகே.

நடுநிசி:
இந்த வார இறுதிக்கு 'சூக்ஷ்மதர்ஷினி' வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்படும் குடும்பத்தலைவியாக நஸ்ரியா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனாக பேசில் ஜோசப். பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

மொட்டைமாடி:
திறக்கவில்லை. வீட்டிலிருக்கிற வேலைகளை முடித்துவிட்டு உட்காருங்கள், நடுவில் எழுந்து போக முடியாது. அவள் சமையலறை ஜன்னல் வழியாக எதைப் பார்க்கிறாள் என்பதை மட்டும் விடாமல் கவனியுங்கள்.

அரைத்தூக்கம்:
எவ்வளவு நேரம் ஓடும்?